பந்தியும் உரிமையும்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சோறு போடும் இடத்திற்கு முதல் ஆளாகப் போ என்பது அதன் பொருள். ஆனால் முந்திப் போனவர் எல்லோரையும் பந்தியில் உட்கார விட்டார்களா என்பதைப் பற்றி அந்தப் பழமொழி வாய் திறக்கவில்லை. பசியைப் பற்றிப் பேசியவர்கள் நம் நாட்டில் பலர். பசித்தவன் எந்த வரிசையில் உட்கார வைக்கப்பட்டான், சோறு ஆக்கியவர் யார், அவர் ஆக்கிய சோற்றை மற்றவர் உண்டனரா என்பதைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

அரூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் நான் படித்தேன். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் சத்துணவு மையத்திற்குப் புதிதாக ஒரு சமையல் உதவியாளர் வந்தார். அவர் காலனியைச் சேர்ந்தவர். அவர் வந்த மறுவாரமே ஊர்த்தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சோறு கொண்டுவரத் தொடங்கினர். என் அம்மாவும் எனக்குக் கட்டிக் கொடுத்தார். "யாராவது கேட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்" என்று சொல்லி அனுப்பினார். அந்த அக்கா ஒருநாள் என்னருகே வந்து, "ஏங் கண்ணு, முட்டையாச்சும் வாங்கிக்க" என்றார். எனக்குக் கற்றுத் தரப்பட்ட பொய்யை நான் அப்படியே ஒப்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அன்று நடந்தது ஒரு வீட்டின் பழக்கம் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். கல்லூரிக்கு வந்து அரசியலமைப்பைப் பாடமாகப் படித்த பிறகே அது ஒரு சட்டத்தின் கதையும் ஆகும் என்று விளங்கிற்று. அரசு தரும் உணவில் குடிமக்களுக்கு உள்ள உரிமைகள் எவை, அவை எப்படி வந்தன, எங்கெங்கே பறிபோகின்றன, பறிபோனால் யாரிடம் கேட்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கஞ்சித் தொட்டியிலிருந்து சத்துணவு வரை

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம் அது. நம் தருமபுரி அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. பஞ்சத்தின் கொடுமை மிகுந்த மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. அன்று ஆங்கில அரசு நிவாரண முகாம்களையும் கஞ்சித் தொட்டிகளையும் அமைத்தது. முகாமில் வேலை செய்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று கூலியைக் குறைத்ததும் அந்த அரசுதான். கொடுப்பதும் குறைப்பதும் ஆள்வோர் விருப்பம். கேட்பதற்கு மக்களுக்கு வாயில்லை. சாதி கெட்டுவிடும் என்று அஞ்சிச் சமைத்த உணவை வாங்க மறுத்துப் பட்டினி கிடந்தோரும் அன்று இருந்தனர். பசிக்கு முன்னும் சாதி நின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பள்ளியில் உணவு என்னும் எண்ணம் சென்னையில் முளைத்தது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு மதிய உணவு வழங்கத் தீர்மானமாயிற்று. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. 1956இல் முதலமைச்சர் காமராசர் அதனை மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டமாக்கினார். 1982 ஜூலை முதல் நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1989இல் முதலமைச்சர் கருணாநிதி அதில் முட்டையைச் சேர்த்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாயிற்று.

இவ்வரலாற்றை நம்மில் பலர் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். ஆனால் இதற்கு இணையாக இன்னொரு வரலாறும் ஓடி வந்திருக்கிறது. அது குடிமை உரிமைகளின் வரலாறு.

தட்டும் கிணறும் கடையும்

பொதுக் கிணற்றிலும் பொதுச் சாலையிலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தடை கூடாது என்று சென்னை மாகாணத்தில் 1938இலேயே ஒரு சட்டம் வந்தது. எம்.சி. ராஜா கொண்டுவந்த குடிமைத் தடைகள் நீக்கச் சட்டம் அது. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனை எவ்வடிவத்திலும் கடைப்பிடிப்பது குற்றம் என்றது. 15ஆம் பிரிவோ சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு கடைகளிலும், பொது உணவு விடுதிகளிலும், அரசுப் பணத்தால் பேணப்படும் கிணறு, குளம் முதலியவற்றிலும் எவரையும் தடுக்கலாகாது என்றது.

17ஆம் பிரிவைச் செயற்படுத்த 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1976 நவம்பரில் அதனைக் கடுமையாக்கி, பெயரையும் "குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்" என்று மாற்றினர். பெயர் மாற்றத்தில் பொருள் உண்டு. முன்பு சட்டம் குற்றத்தைப் பார்த்தது. பின்பு குடிமகனின் உரிமையைப் பார்த்தது. இச்சட்டத்தில் நம் பொருளுக்கு வேண்டிய செய்திகள் நான்கு.

முதலாவது, அரசு நிதியால் முழுமையாகவோ ஓரளவோ நடத்தப்படும் பொது இடங்களைப் பயன்படுத்தவிடாமல் ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம். பள்ளியின் சத்துணவுக் கூடம் அப்படிப்பட்ட இடம் அன்றோ? இரண்டாவது, கடையில் மற்றவர்க்குத் தரும் பொருளை, அதே நேரத்தில், அதே முறையில் தர மறுப்பதும் குற்றம். "காலனிக்காரர்கள் கடைசி நாளில் வாருங்கள்" என்று சொல்லும் ரேஷன் கடைக்கு இது பொருந்தும். மூன்றாவது, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், எதிர்ப்பட்ட சான்று வரும்வரை, அச்செயல் தீண்டாமை காரணமாகவே நடந்ததென்று நீதிமன்றம் கொள்ளும். நான்காவது, இக்குற்றத்தைப் புலனாய்வு செய்ய வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால், குற்றத்திற்கு அவரும் உடந்தையாகக் கருதப்படுவார்.

இதற்குத் துணையாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றங்கள் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

திட்டம் உரிமையான கதை

சட்டங்கள் இவ்வாறு இருந்தும் உணவு மட்டும் நெடுங்காலம் "திட்டமாக"வே இருந்தது. திட்டம் என்பது அரசு போடுவது, வேண்டாதபோது நிறுத்துவது. உரிமை என்பது குடிமகன் கேட்பது, நிறுத்தினால் வழக்கிடுவது. இவ்வேறுபாட்டை அழித்த வழக்கு 2001இல் தொடங்கியது.

அவ்வாண்டு இராசஸ்தானத்தில் வறட்சி. மக்கள் பட்டினி கிடந்தனர். அதே வேளையில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் கோடிக் கணக்கான டன் தானியம் குவிந்து, வெளியில் கிடந்த மூட்டைகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் உணவும் அடங்காதா என்பதே கேள்வி. 2001 நவம்பர் 28 அன்று நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. பொது விநியோகம், அங்கன்வாடி, மதிய உணவு உள்ளிட்ட எட்டுத் திட்டங்களின் பயன்கள் மக்களின் சட்டப்படியான உரிமைகள் ஆயின. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு 200 நாட்களுக்குக் குறையாமல், சமைத்த உணவு தரவேண்டும் என்று மாநிலங்களுக்குக் கட்டளையிடப்பட்டது. தமிழ்நாடு முன்பே செய்துவந்ததை இந்தியா முழுதும் செய்யவேண்டியதாயிற்று.

அவ்வழக்கின் பின்னைய ஆணைகள் இரண்டை நாம் மனத்தில் கொள்ளல் வேண்டும். 2003 மே 2 அன்று வந்த ஆணை ரேஷன் கடைக்காரரைப் பற்றியது. கடையை உரிய நேரத்தில் திறக்காமை, ஏழையரின் குடும்ப அட்டையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளுதல், அட்டையில் பொய்யாகப் பதிதல், கூடுதல் விலை வாங்குதல், கள்ளச்சந்தையில் விற்றல் ஆகியவற்றைச் செய்தால் கடையின் உரிமம் நீக்கப்படும் என்றது அது. 2004 ஏப்ரல் 20 அன்று வந்த ஆணை மதிய உணவைப் பற்றியது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அது கூறியது.

சமையல் வேலைக்கு எதற்கு முன்னுரிமை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை கிடைக்கிறது என்பது பாதிக் காரணம். சமைப்பவர் யார் என்பதே தீண்டாமையின் உயிர்நாடி என்பது மீதிக் காரணம். சேர்ந்து உட்காருவதைப் பலர் சகித்துக்கொள்வர். அவர்கள் கையால் ஆக்கியதை உண்பதைச் சகியார். ஆகவே நீதிமன்றம் நோய் இருந்த இடத்திலேயே மருந்தை வைத்தது எனலாம்.

2013ஆம் ஆண்டுச் சட்டம்

பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த அந்த வழக்கின் பயனாகத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நிறைவேறியது. மக்கள் கண்ணியத்துடன் வாழ்வதற்கு உணவு என்று அதன் முகப்பிலேயே நோக்கம் கூறப்பட்டுள்ளது. கண்ணியம் என்னும் அச்சொல்லைக் கோடிட்டுப் படிக்கவேண்டும். முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்தியோதயா குடும்பத்திற்கு 35 கிலோ என்று இச்சட்டம் வரையறுக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்ப அட்டைக்குத் தலைவி. கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதம் முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் உணவு உரிமை உண்டு. உரிய தானியமோ உணவோ கிடைக்காவிடில் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படியைப் பணமாகப் பெறலாம்.

தமிழ்நாடு 2016 நவம்பரில் இச்சட்டத்தின்கீழ் வந்தது. ஆனால் ஏழை, ஏழையல்லாதார் என்று பிரித்து அட்டையைப் பறிக்காமல், எல்லோருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடாமலே வந்தது. அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி இங்கே 2011 ஜூனிலேயே தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் பொது என்பதில் ஒரு நன்மை உண்டு. "இவன் ஏழை" என்று முத்திரை குத்தும் அதிகாரம் யார் கையிலும் இல்லாதபோது, அந்த அதிகாரத்தால் ஒரு தெருவையே விட்டுவிடும் வாய்ப்பும் குறைகிறது.

குறைகேட்கும் ஏற்பாடுகளும் இச்சட்டத்தில் உள்ளன. மாவட்டத்திற்கு ஒரு குறைதீர் அலுவலர். மாநிலத்திற்கு ஓர் உணவு ஆணையம். ஆணையத்தில் பெண்கள் இருவரும், பட்டியல் சாதியினர் ஒருவரும், பழங்குடியினர் ஒருவரும் இருந்தே ஆகவேண்டும். கடைகளைக் கண்காணிக்கும் குழுக்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், ஆதரவற்றோர் அல்லது மாற்றுத்திறனாளிகள் இடம்பெற வேண்டும். குறைதீர் அலுவலர் கூறிய தீர்வைக் காரணமின்றிச் செய்யத் தவறும் அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

ஏட்டிலும் வீட்டிலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். சட்டம் இவ்வளவு சொல்லியும் ஊரில் நடப்பது என்ன?

சுகதேவ் தோரட், ஜோயல் லீ என்னும் ஆய்வாளர் இருவர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் 531 கிராமங்களில் மதிய உணவும் ரேஷன் கடையும் எவ்வாறு நடக்கின்றன என்று கேட்டறிந்த ஆய்வு அது. தமிழ்நாட்டில் ஆய்ந்த கிராமங்களில் 36 விழுக்காட்டில் மதிய உணவில் சாதி வேற்றுமை இருப்பதாக மக்கள் கூறினர். தலித் சமையலர் இருந்த கிராமங்கள் 31 விழுக்காடு. உணவு வழங்கும் இடம் தலித் குடியிருப்பில் அமைந்திருந்த கிராமங்கள் 19 விழுக்காடு. சமூகநீதி மண் என்று நாம் பெருமைப்படும் மாநிலத்தின் கணக்கு இது. ஆய்வு நடந்து இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நிலை மாறியிருக்கும் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

ஆனால் 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவினாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்ததை நாளேடுகளில் படித்தோம். அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் எதிர்த்தனர். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? அப்பெண்ணையே வேறிடத்திற்கு மாற்றினர். தவறு செய்தவரை விட்டுவிட்டுத் தவறுக்கு ஆளானவரை அப்புறப்படுத்துவது நம் நிர்வாகத்தின் பழைய வழக்கம். எதிர்ப்பு எழுந்த பின் மாற்றல் ஆணை நீக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர்ப் பள்ளியிலும், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணப் பெற்றோர் சிலர் விடவில்லை. அங்கே மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து, அதே உணவை உண்டார். சட்டம் என்ன சொல்கிறது என்றும் பெற்றோர்க்கு எடுத்துரைத்தார். ஒரே வகை நிகழ்ச்சி. நிர்வாகம் நடந்துகொண்ட முறை இரண்டு. எது சட்டத்தின் வழி என்பதை விளக்கவேண்டியதில்லை.

நம் மாவட்டம் இதற்கு விலக்கு என்று எவரும் மார்தட்ட வேண்டாம். 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், வயலில் வேலை செய்த பட்டியல் சாதிப் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் ஊற்றிய செய்தி நாடெங்கும் பரவிற்று. அது தனியார் நிலத்தில் நடந்ததுதான். ஆனால் வயலில் சிரட்டையை நீட்டும் கைதான் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத் தூக்குப்போசியும் கட்டுகிறது.

உணவைப் பறிப்பது தண்டனையாகும்போது

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வுட் என்னும் ஊர் உள்ளது. 1962இல் அங்கே கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முற்பட்டனர். அதற்குத் தண்டனையாக லெஃப்லோர் வட்டத்து வெள்ளையர் நிர்வாகம், மத்திய அரசு ஏழைகளுக்கு அனுப்பிய இலவச உணவுப் பொருள்களின் விநியோகத்தையே நிறுத்திவிட்டது. குளிர்காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றில் அடிக்கப்பட்டனர். வடபுலத்து மக்கள் லாரிகளில் உணவு அனுப்பினர். 1964இல் வந்த குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மத்திய அரசின் பணத்தில் நடக்கும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பிறந்த நாடு கருதி எவரையும் ஒதுக்கலாகாது என்று விதித்தது. இன்று அந்நாட்டின் உணவு உதவி அலுவலகங்களில் இவ்வுரிமையையும் முறையிடும் வழியையும் கூறும் சுவரொட்டி மக்கள் கண்ணில் படும்படி வைக்கப்படவேண்டும் என்பது விதி. நம் ரேஷன் கடையில் இருப்பு எவ்வளவு, விலை எவ்வளவு என்று பலகை இருக்கிறது. உனக்கு உரிமை என்ன என்று சொல்லும் பலகையும் ஒன்று இருந்தால் என்ன?

ஆட்சியின் கை மக்களின் உணவின்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் மிசிசிப்பிக்குப் போகவேண்டியதில்லை. நம் அரூர்ப் பகுதியில் உள்ள வாச்சாத்தி போதும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அப்பழங்குடிச் சிற்றூரில் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் சூறையாடப்பட்டன, சேர்த்து வைத்த தானியமும் பாத்திரபண்டங்களும் பாழாயின, குடிநீர்க் கிணறும் கெடுக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. வாச்சாத்தி உணவுத் திட்டத்தின் கதை அன்று. அதனினும் பெரிய கொடுமையின் கதை. ஆயினும் அது நமக்குத் தரும் பாடம் ஒன்று உண்டு. முப்பத்தோராண்டுகள் ஆனாலும், எழுத்தறியாத மலைமக்கள் சளைக்காமல் சாட்சி சொன்னதால் சட்டம் அசைந்தது. முறையிடாத உரிமை உறங்கும் உரிமை.

வேற்றுமை தெரியாமல் செய்யும் வேற்றுமை

சாதி சொல்லித் தடுப்பது மட்டுமே வேற்றுமை அன்று. எல்லோர்க்கும் ஒரே விதி என்று சொல்லி, சிலரால் மட்டும் கைக்கொள்ள முடியாத விதியை வகுப்பதும் வேற்றுமைதான்.

சித்தேரி மலையை எண்ணிப் பாருங்கள். மலைமடிப்புகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சமவெளியில் கடை பத்து நிமிட நடை. அங்கே அது ஒரு நாள் கூலியின் இழப்பு. ஒருமுறை போய் "இன்று சரக்கு வரவில்லை" என்று திரும்பினால் இழப்பு இரண்டு நாள். மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி மக்களின் உணவுப் பாதுகாப்பில் தனிக்கவனம் செலுத்தவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது இதனாலேயே.

விரல் ரேகையும் அப்படித்தான். கல்லுடைத்தும், கரும்பு வெட்டியும், மண் சுமந்தும் தேய்ந்த விரலை இயந்திரம் அறியாது. ஆதார் இல்லை என்பதற்காகவோ, இயந்திரத்தில் ரேகை பதியவில்லை என்பதற்காகவோ உரியவர்க்கு உணவு மறுக்கலாகாது என்று மத்திய அரசு 2017 அக்டோபர் 24 அன்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தமக்காக வேறொருவரை அனுப்ப ஏற்பாடு உண்டு. அவர்கள் வீட்டிற்கே பொருள் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் வட்டாரத்து முன்னுரிமை அட்டைதாரர், ஒரே நாடு ஒரே அட்டை ஏற்பாட்டின்படி தம் தானியத்தை அங்கேயே வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் அதில் சேர்ந்தது. இவற்றை அறியாமல், "கை வைத்தேன், எடுக்கவில்லை, வந்துவிட்டேன்" என்று வெறும் பையோடு திரும்பும் பாட்டிகள் எத்தனை பேர்!

யாரிடம் கேட்பது?

உரிமை என்று பேசிவிட்டு, கேட்கும் வாசலைக் காட்டாமல் விடுவது முறையன்று. எனவே சுருக்கமாகக் கூறுகிறேன்.

ரேஷன் கடையில் அளவு, தரம், நேரம், நடத்தை ஆகியவற்றில் குறையிருந்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். பொது விநியோகத்திற்கென்றே மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாம் நடத்தும் வழக்கம் உண்டு. 1967 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் கூறலாம். அங்கே தீராதது மாவட்டக் குறைதீர் அலுவலருக்கும், அதன்பின் மாநில உணவு ஆணையத்திற்கும் போகும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாதி வேற்றுமையாயின் அது குறை அன்று, குற்றம். காவல் நிலையத்தில் புகார் தரலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்தல் வேண்டும். 14566 என்னும் தேசிய உதவி எண்ணும் உண்டு. புகாரில் நாள், நேரம், இடம், சொன்ன சொல், உடனிருந்தோர் பெயர் ஆகியவை இருத்தல் வேண்டும். "எங்களை மதிப்பதில்லை" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். "இன்ன நாளில், இன்ன வரிசையில், எனக்குப் பின் வந்தவருக்கு முதலில் கொடுத்து, என்னை இன்ன சொல் சொன்னார்" என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும்.

எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தருவது யார்? ஊருக்கு ஊர் நாம் இருக்கிறோம். நம் கல்லூரியில் படிக்கும் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை கூட்டுகிறோம், மரம் நடுகிறோம், நன்று. ஒருநாள் ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால் அதுவும் நலப்பணியே. ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

முடிவாக ஒன்று. 2023 முதல் நம் மாவட்டத்து ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகும் வழங்கத் தொடங்கினர். சென்ற மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மா அந்த மாவில் களி கிண்டியிருந்தார். உண்ணும்போது, பழைய தூக்குப்போசிக் கதையை நான் எடுத்தேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஊர்ல எல்லாரும் கட்டிக் குடுத்தாங்க, நானும் குடுத்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. எல்லோரும் செய்ததால் ஒவ்வொருவரும் செய்தோம். எல்லோரும் விட்டால்தான் நான் விடுவேன் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பதால்தான் இது இன்னும் நிற்கிறது.

அந்த அக்கா இப்போதும் அதே பள்ளியில் சமைக்கிறார். இவ்வாண்டு பொங்கல் விடுமுறைக்கு முன்னால் நான் அப்பள்ளிக்குச் சென்று பிள்ளைகளின் வரிசையில் உட்கார்ந்தேன். "உனக்கு வயித்துக்கு ஒத்துக்குமா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே அவர் பரிமாறினார். அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஒத்துக்கொண்டது அக்கா என்று சொன்னேன். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.